ஃபெர்ராராவ சைக்கிள்ல சுத்திப் பார்க்கறது எப்படி? கைடோட ஒரு அரை நாள்

இத்தாலி போற நம்ம ஆளுங்க பிளான் பெரும்பாலும் ஒரே ரூட்டு தான், ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், நடுவுல பிசா கோபுரத்து முன்னாடி ஒரு போட்டோ. வெனிஸ்ல இருந்து பொலோன்யா வர்ற ரயில் வழியில ஃபெர்ராரான்னு ஒரு ஸ்டேஷன்ல நிக்கும், அங்க இறங்கறவங்க ரொம்பக் கம்மி. ஆனா "இத்தாலில பழைய ஊர் ஒன்ன சைக்கிள்ல கைடோட சுத்தணும், எங்க போலாம்"னு யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இந்த ஊர் பேர தான். வெனிஸ் பழைய நகரத்துக்குள்ள சைக்கிள் ஓட்டவே தடை, ஃபைன் போட்டுடுவாங்க. ரோம்ல கி.மு. 312-ல போட்ட ஆப்பியா ரோட்டுல ஓட்டறது அருமையான அனுபவம், ஆனா அந்த ரோடு வரைக்கும் போய்ச் சேர்ற ட்ராஃபிக் புதுசா ஓட்டறவங்களுக்கு பயமா இருக்கும். லூக்கால கோட்டைச் சுவர் மேல 4 கி.மீ. சொச்சம் ரவுண்டு அடிக்கலாம், அழகு தான், சீக்கிரம் முடிஞ்சுடும். ஃபெர்ராரால அப்படி இல்ல, ஊரே சைக்கிள்ல தான் ஓடுது, பாட்டி மார்க்கெட் போறதும் காலேஜ் பசங்க கிளாஸுக்குப் போறதும் ஆபீஸ் போறவர் கோட்டு போட்டுக்கிட்டு போறதும் எல்லாம் சைக்கிள் தான். ஊர் முழுக்க தட்டையான நிலம், கடல் மட்டத்துல இருந்து ஒரு 10 மீட்டர் உயரம் கூட இருக்காது, மேடுன்னு சொன்னா ஊரச் சுத்தி இருக்கற மதில் மேல ஏற்ற சின்ன சரிவு மட்டும் தான். ரொம்ப வருஷமா சைக்கிள் தொடாதவங்களும் தைரியமா வரலாம்.

ஓட்டறதுக்கு சுலபம்ங்கறது மட்டும் காரணம் இல்ல. இந்த ஊர் உண்மைல ரெண்டு ஊர், பக்கத்துல பக்கத்துல வச்சு தச்சது. தெற்குப் பாதி நதிக்கரையில வளர்ந்த பழைய வியாபார ஊர், சந்து சந்தா வளைஞ்சு வளைஞ்சு போகும். வடக்குப் பாதி 1492-ல ஒரு அரசர் சொல்லி ஒரு ஆர்க்கிடெக்ட் பிளான் போட்டு உருவாக்கினது, அகலமான நேர் ரோடு, பெரிய பெரிய மாளிகை, தோட்டம். நடந்து பார்த்தா ஒரு பாதி முடியறதுக்குள்ள கால் வலிக்க ஆரம்பிச்சுடும், பஸ்ல போனா தையல் எங்கன்னே தெரியாது. சைக்கிள்ல ரெண்டு மூணு மணி நேரத்துல ரெண்டையும் தொட்டுட்டு, அந்தத் தையல எந்த இடத்துல தாண்டறோம்னு உடம்பாலயே உணர முடியும். அதனால டூர் புக் பண்றப்ப நான் சொல்ற முதல் விஷயம், பழைய பாதி முதல்ல, புதுப் பாதி அப்புறம், கடைசில ஊர் மதில், இந்த வரிசையில கூட்டிட்டுப் போற டூரா பாருங்க. வரிசை மாறி இருந்தா கைட் கிட்ட கேளுங்க, சின்ன க்ரூப்னா மாத்திக் குடுப்பாங்க.

கைட் எதுக்கு, சைக்கிள் வாடகைக்கு எடுத்து நாமளே சுத்தலாமேன்னு தோணும். சுத்தலாம், தப்பில்ல. ஆனா ஃபெர்ராரா தன்னோட கதைய வெளில எழுதி வச்சுக்கற ஊர் இல்ல, செங்கல் சுவரு, மூடின கதவு, போர்டு எதுவும் இல்லாத சந்து, இப்படித் தான் இருக்கும். எந்த சந்து பழைய நதி ஓடின இடம், எந்தக் கதவுக்குப் பின்னாடி தோட்டம், எந்தத் தெருவுல ராத்திரி கேட்ட மூடி ஆளுங்கள உள்ள வச்சாங்க, இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் நிறுத்திக் காட்டினா தான் உண்டு. இத்தாலில டூரிஸ்ட் கைட் வேலைக்கு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். அதே சமயம் க்ரூப்ப கூட்டிட்டுப் போய் கொண்டு வந்து விடறவங்க தனி, அவங்க வழி காட்டுவாங்க, வரலாறு விளக்கற வேலை அவங்களுது இல்ல. புக் பண்றதுக்கு முன்னாடி மெயில்ல "வர்றவர் லைசென்ஸ் உள்ள கைடா, இங்கிலீஷ்ல பேசுவாரா, அதிகபட்சம் எத்தன பேரு"ன்னு இந்த மூணும் கேட்டுடுங்க. பத்து பேருக்கு மேல போனா ஒவ்வொரு திருப்பத்துலயும் பின்னாடி வர்றவங்களுக்காக நிக்கறதுலயே நேரம் போயிடும், கைட் பேசறதும் கடைசி ஆளுக்குக் கேக்காது. குடும்பமா நாலு அஞ்சு பேர் இருந்தா ப்ரைவேட் டூர் விலைய விசாரிச்சுப் பாருங்க, தலைக்குப் பிரிச்சா பெரிய வித்தியாசம் வராமலும் இருக்கலாம்.

இன்னும் சில விஷயம் புக்கிங் நேரத்துலயே முடிச்சுக்கணும். எல்லாரோட உயரமும் எழுதி அனுப்புங்க, அங்க வாடகை சைக்கிள் நிறைய பெரிய ஃப்ரேமா இருக்கும், அஞ்சடி உயரம் உள்ள நம்ம வீட்டுப் பெண்களுக்கு கால் தரையில எட்டாது, முன்னாடியே சொன்னா சின்னது எடுத்து வைப்பாங்க. குழந்தை சீட்டு, குழந்தைக்கு ஹெல்மெட் வேணும்னா அதையும் சொல்லணும், அங்க போய்க் கேட்டா கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. பெரியவங்களுக்கு சாதா சைக்கிள்ல ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்ல, அதனால யாரும் தானா குடுக்க மாட்டாங்க, வேணும்னா கேட்டு வாங்கணும், என் கருத்து வாங்கிக்கறது நல்லது. எலக்ட்ரிக் சைக்கிளுக்கு இங்க தேவையே இல்ல, கூடப் பணம் குடுக்காதீங்க. டிக்கெட் விலைல மியூசியம் நுழைவு சேர்ந்திருக்கா இல்லையான்னு பாருங்க, பெரும்பாலும் சேராது, வெளில நின்னு விளக்குவாங்க, உள்ள போகணும்னா தனி நேரம், தனி டிக்கெட்.

போறது ரொம்ப சுலபம். பொலோன்யா சென்ட்ரல்ல இருந்து 47 கி.மீ., ரீஜியனல் ரயில்ல அரை மணியில இருந்து முக்கால் மணி வரைக்கும் ஆகும், வெனிஸ்ல இருந்து ஒண்ணே கால், ஒன்றரை மணி. ரீஜியனல் ரயிலுக்கு பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏற்றதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம் பக்கத்துல இருக்கற மெஷின்ல குத்திக்கணும், இத மறந்துட்டு கையில டிக்கெட் இருந்தும் ஃபைன் கட்டறவங்க நிறைய பேர். பெரிய பெட்டிய தூக்கிட்டுப் போகாதீங்க, வெனிஸ் போற வழியில இறங்கறதா இருந்தா டூர் ஆபீஸ்ல பெட்டி வைக்க முடியுமான்னு கேட்டு வச்சுக்குங்க. ஸ்டேஷன்ல இருந்து கோட்டை வரைக்கும் கவூர்ங்கற அகலமான மரநிழல் ரோடு, இருபது நிமிஷ நடை.

சைக்கிள் கைக்கு வந்ததும் உடனே ஏறிடாதீங்க, அஞ்சு நிமிஷம் அதோட பழகுங்க. சீட்டுல உக்காந்து ரெண்டு காலோட முன்பாதமும் தரையில படணும், பழைய ஊருக்குள்ள அடிக்கடி நிக்க வேண்டி வரும்ங்கறதால இது முக்கியம். அப்புறம் பிரேக். நம்ம ஊர்ல பொதுவா வலது கை பிரேக் முன் சக்கரத்துக்குப் போகும், ஐரோப்பால பெரும்பாலும் இடது கை தான் முன் சக்கரம், பழக்க தோஷத்துல அவசரத்துக்கு இடது கைய பலமா அழுத்தினா முன் சக்கரம் நின்னு ஆள் குப்புற விழ வாய்ப்பிருக்கு. சைக்கிள தள்ளிட்டே ஒவ்வொரு பிரேக்கா அழுத்திப் பாருங்க. சிலதுல கை பிரேக்கோட சேர்த்து பெடல பின்னாடி மிதிச்சா நிக்கற பிரேக்கும் இருக்கும், அதையும் சோதிச்சுக்குங்க. ஃபெர்ராரால இன்னமும் பழைய கறுப்பு சைக்கிள் நிறைய ஓடுது, பிரேக்குக்கு கேபிளுக்கு பதில் இரும்புக் கம்பி, நம்ம தாத்தா காலத்து ஹெர்குலிஸ்ல இருந்த அதே ராடு பிரேக் தான், அது மழையில சரியாப் பிடிக்காது, ஈரமா இருந்தா ரெண்டு சைக்கிள் தூரம் முன்னாடியே அழுத்த ஆரம்பிக்கணும். பெல் அடிக்குதா பாருங்க, பெல் அங்க சட்டப்படி இருக்கணும். துப்பட்டா, லூஸ் பேண்ட், தோள்ல தொங்கற பை எதுவும் செயின்லயோ சக்கரத்துலயோ சிக்காம கட்டிக்கிட்டு ஏறுங்க.

ரோட்டுல ஞாபகம் வச்சுக்க வேண்டிய பெரிய விஷயம், இத்தாலில வலது பக்கம் தான் ஓட்டணும். கைட் பின்னாடி போறப்ப இது தானா நடந்துடும், ஒரு இடத்துல நிறுத்தி போட்டோ எடுத்துட்டு திரும்ப ஏறுவோம் பாருங்க, அப்பத் தான் பழக்கத்துல இடது பக்கம் போயிடுவோம். அதனால ஒவ்வொரு தடவையும் ஏற்றப்ப "வலது"ன்னு வாய் விட்டே சொல்லிக்குங்க. ஒருவழிப் பாதை போர்டுக்குக் கீழ "எச்செத்தோ பிச்சி"ன்னு எழுதியிருந்தா சைக்கிளுக்கு மட்டும் எதிர்ப்பக்கமும் போக அனுமதி உண்டு. பழைய தெருக்கள்ல ஆத்துக் கூழாங்கல் பதிச்சிருக்காங்க, அதுல உடம்பெல்லாம் குலுங்கும், சில தெருவுல கூழாங்கல்லுக்கு நடுவுல வழவழப்பான கல் பட்டை நீளமா போட்டிருப்பாங்க, அந்தப் பட்டை மேல சக்கரத்த வச்சா சுகமா போகும், ஆனா மழை பெஞ்சா அது வழுக்கும். கூழாங்கல்லுல பயந்து பயந்து மெதுவா போனா தான் தடுமாறும், கைப்பிடிய இறுக்காம லேசா பிடிச்சுக்கிட்டு ஒரே வேகத்துல மிதிச்சுட்டே இருங்க. கூட்டமா இருக்கற தெருவுல கைட் இறங்கச் சொன்னா இறங்கித் தள்ளிட்டுப் போங்க. ஓட்டிக்கிட்டே வீடியோ எடுக்க வேண்டாம், போன் கையில வச்சு ஓட்டறது அங்க குற்றம்.

இப்ப ரூட்டுக்கு வரேன். டூர் பெரும்பாலும் கோட்டை முன்னாடி ஆரம்பிக்கும். சுத்தி அகழில இன்னமும் தண்ணி நிக்கற செங்கல் கோட்டை, நாலு மூலைல நாலு கோபுரம், காஸ்தெல்லோ எஸ்தென்ஸே. இது எதிரிக்குப் பயந்து கட்டினதுன்னு தான் பார்த்தா தோணும், உண்மைல சொந்த ஜனங்களுக்குப் பயந்து கட்டினது. 1385-ல வரி தாங்க முடியாம ஜனங்க கொதிச்சு எழுந்தாங்க, வரிக்குக் காரணம்னு தொம்மாஸோ தா தொர்தோனாங்கற அதிகாரிய கேட்டாங்க, அப்ப ஊர ஆண்ட எஸ்தே குடும்பத்து நிக்கோலோ தெஸ்தே அவரை கூட்டத்து கையில குடுத்துட்டாரு, கூட்டம் அவரைக் கொன்னுடுச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல இந்தக் கோட்டைக்கு அடிக்கல். எஸ்தே குடும்பத்து அரண்மனைக்கும் கோட்டைக்கும் நடுவுல மேல ஒரு மூடின நடைபாதை போகுது, கைட் கிட்ட அதக் காட்டச் சொல்லுங்க, கலவரம் வந்தா கால் தரையில படாம கோட்டைக்குள்ள போயிடலாம். உள்ள பாதாள சிறை இருக்கு, அத டூர்ல பார்க்க நேரம் இருக்காது, பின்னாடி நீங்களே போய்ப் பாருங்க. 1506-ல ஊர ஆண்ட அண்ணன் அல்ஃபோன்ஸோவுக்கு எதிரா சதி பண்ணினாங்கன்னு ஃபெர்ராந்தே, ஜூலியோன்னு ரெண்டு சகோதரர்கள இங்க அடைச்சாங்க, ஃபெர்ராந்தே 1540-ல உள்ளயே செத்துப் போனாரு, ஜூலியோ 1559-ல தான் வெளில வந்தாரு, அம்பத்து மூணு வருஷம். வாலிபனா உள்ள போனவர் எண்பது வயசுக் கிழவரா வெளில வந்து இதே தெருவுல நடந்திருக்காரு, அத நினைச்சுக்கிட்டே அகழிப் பக்கம் நின்னா மனசு கனத்துடும்.

அங்க இருந்து கதீட்ரல் ரெண்டு நிமிஷம். 1135-ன்னு கல்வெட்டுக் காலம், முகப்போட கீழ்ப் பாதி ஒரு பாணி, மேல் பாதி வேற பாணி, கட்டக் கட்ட காலம் மாறினது கண்ணுக்கே தெரியும். தெற்குப் பக்கச் சுவர ஒட்டி வரிசையா கடைகள், நூத்துக்கணக்கான வருஷமா அங்க வியாபாரம் நடக்குது, நம்ம கோயில் மதில ஒட்டி கடை பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது அந்நியமாவே தெரியாது.

கதீட்ரலுக்குத் தெற்கால போனா பழைய பாதி தொடங்குது, இங்க வேகத்த குறைச்சுக்குங்க. முக்கியமா பார்க்க வேண்டியது வியா தெல்லே வோல்தே, நீளமான ஒடுக்கமான சந்து, தலைக்கு மேல ஒரு பக்க வீட்டுல இருந்து எதிர்ப்பக்கக் கட்டடத்துக்கு வளைவு வளைவா பாலம் போட்டிருப்பாங்க. ஒரு பக்கம் வியாபாரி வீடு, இன்னொரு பக்கம் நதிய ஒட்டின குடோன், படகுல வந்த சரக்க இறக்கி மேலயே கொண்டு போறதுக்குத் தான் அந்த வளைவு. "நதி எங்க?"ன்னு கேப்பீங்க, கேக்கணும், இந்த ஊரோட கதையே அது தான். போ நதியோட முக்கியக் கிளை இந்த ஊர ஒட்டித் தான் ஓடிச்சு, 1152-ல மேற்கால ஃபிக்கரோலோ பக்கம் கரை உடைஞ்சு நதி வடக்கால புது வழி பிடிச்சுடுச்சு, இங்க இருந்த கிளை கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு போச்சு. இப்ப பெரிய நதி ஊருக்கு வடக்கால சில கிலோமீட்டர் தள்ளி ஓடுது. இந்த சந்து மட்டும் பழைய கரையோட வளைவிலேயே வளைஞ்சு கிடக்கு, சைக்கிள் ஹேண்டில் மெதுவா ஒரு பக்கமா திரும்பிக்கிட்டே இருக்கறத கவனிங்க.

பக்கத்துலயே யூதர்கள் வாழ்ந்த தெருக்கள், வியா மத்ஸினி, வியா வித்தோரியா, வியா விஞ்ஞதால்யாதா. 1492-ல ஸ்பெயின்ல இருந்து யூதர்கள விரட்டினப்ப எஸ்தே அரசர் எர்கோலே அவங்களுக்கு இங்க இடம் குடுத்தாரு. எஸ்தே வம்சத்துல நேரடி வாரிசு இல்லாம 1598-ல ஊர் போப் கைக்குப் போச்சு, 1627-ல அதே ஜனங்கள இந்த மூணு தெருவுக்குள்ள அடைச்சு முனையில கேட் போட்டாங்க. இந்த இடத்துல கைட் பேசறப்ப அவசரப்படுத்தாதீங்க. இன்னும் தெரிஞ்சுக்கணும்னா ஊர்ல ஒரு பழைய ஜெயில் கட்டடத்துல 2017-ல திறந்த இத்தாலி யூதர் மியூசியம் இருக்கு, தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

கிழக்கால ஸ்கிஃபனோயா அரண்மனை. சைக்கிள் டூர்ல இத வெளில இருந்து காட்டிட்டுப் போயிடுவாங்க, நான் கெஞ்சிக் கேட்டுக்கறது, டூர் முடிஞ்சாவது திரும்ப வந்து உள்ள போங்க. மேல மாசங்களோட மண்டபம்னு ஒரு பெரிய ஹால், 1469, 70 வாக்குல போர்சோ தெஸ்தேங்கற டியூக்குக்காக வரைஞ்சது, பன்னெண்டு மாசத்துல மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஏழு மாசம் தான் தெளிவா மிஞ்சியிருக்கு, நடுவுல இந்தக் கட்டடத்த புகையிலைத் தொழிற்சாலையா ஆக்கி சுவர் எல்லாம் வெள்ளை அடிச்சு வச்சிருந்தாங்க. ஒவ்வொரு மாசமும் மூணு அடுக்கு, மேல பழைய ரோமானிய தெய்வம் தேர்ல வருது, கீழ டியூக்கோட அன்றாடம், நடுவுல கருநீலப் பட்டையில ராசியும் அதுக்கு மூணு ஆளும். அந்த மூணு ஆள் யாருன்னா, ஒரு ராசிக்கு முப்பது பாகை, அத பத்து பத்தா மூணா பிரிச்சா வர்ற பாகத்துக்கு ஒருத்தர். ஜாதகம் பார்க்கறவங்க வீட்டுல வளர்ந்திருந்தா உங்களுக்கு உடனே புரியும், திரேக்காணம்! மார்ச்ல மேஷ ராசியோட முதல் ஆளப் பாருங்க, கறுத்த உடம்பு, கிழிஞ்ச வெள்ளைத் துணி, இடுப்புல கயிறு கட்டி அதோட முனைய கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. இவர் யாருன்னு ரொம்ப காலம் யாருக்கும் பிடிபடல. 1912-ல ரோம்ல நடந்த கலை வரலாறு மாநாட்டுல ஆபி வார்பர்க்ங்கற ஜெர்மன் அறிஞர் விளக்கினாரு, இந்த உருவங்களோட வேர் நம்ம நாட்டு ஆறாம் நூற்றாண்டு ஜோதிட அறிஞர் வராகமிகிரர் எழுதி வச்ச திரேக்காண வர்ணனைகள்ல இருக்கு, அது பாக்தாத்ல அபு மஷர்ங்கற ஜோசியர் கைக்குப் போய், அரபில இருந்து லத்தீனுக்கு வந்து, கடைசில இந்தச் சுவருக்கு வந்து சேர்ந்திருக்குன்னு. இத்தன தூரம் வந்து ஒரு இத்தாலி டியூக்கோட ஹால்ல நம்ம ஜோசியக் கட்டத்துல இருந்து வந்த ஒருத்தர நேருக்கு நேர் பார்க்கறப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு, ரொம்ப நேரம் அந்தச் சுவர விட்டு நகரவே இல்ல. அந்த ஹால் உயரம், படம் எல்லாம் மேல இருக்கு, சின்ன பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க.

இப்ப தையல தாண்டற இடம். கோர்ஸோ ஜொவெக்கான்னு ஒரு அகலமான ரோடு குறுக்கால வரும், பழைய ஊரோட வடக்கு மதிலும் அகழியும் இருந்த இடம், அத மூடித் தான் இந்த ரோடு வந்துச்சு. இத தாண்டினதும் சந்து கிடையாது, வளைவு கிடையாது. 1482-ல இருந்து 84 வரைக்கும் வெனிஸோட நடந்த சண்டையில எதிரிப் படை ஊர் வாசல் வரைக்கும் வந்துட்டதால, வடக்குப் பக்கத்த பாதுகாக்கணும்னு முதலாம் எர்கோலே முடிவு பண்ணாரு. பியாஜோ ரொஸ்ஸெத்திங்கற ஆர்க்கிடெக்ட் 1492-ல போட்ட பிளான்ல ஊர் பரப்பு ரெண்டு மடங்குக்கும் மேல பெருசாச்சு. இந்தப் பிளானுக்காகத் தான் யுனெஸ்கோ 1995-ல ஃபெர்ராராவ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. கோட்டைல இருந்து வடக்கு மதில் வரைக்கும் எர்கோலே பேர்லயே ஒரு கிலோமீட்டருக்கு மேல நேரா போற தெரு இருக்கு, கடை கிடையாது, விளம்பரப் போர்டு கிடையாது, ரெண்டு பக்கமும் மாளிகைச் சுவரு தான். இதுல க்ரூப்ப விட்டு கொஞ்சம் பின்தங்கி தனியா மிதிச்சுப் பாருங்க, கைட் கிட்ட சொல்லிட்டு தான்.

அந்தத் தெரு நடுவுல நாலு ரோடு கூடற மூலை, அங்க பலாத்ஸோ தெய் தியமாந்தி. சுவர் முழுக்க பிரமிட் வடிவத்துல கூர் வச்ச மார்பிள் கல், கிட்டத்தட்ட 8,500, வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்தது. 1493-ல எர்கோலேயோட தம்பி சிஜிஸ்மோந்தோவுக்காக ரொஸ்ஸெத்தி ஆரம்பிச்சது, வைரம் எஸ்தே குடும்பத்துச் சின்னம். கல்லுங்க கூர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கல, கீழ் வரிசை கொஞ்சம் தரையப் பார்க்கும், மேல போகப் போக வானத்தப் பார்க்கும், வெளிச்சம் பிடிக்கறதுக்காக அப்படிச் செஞ்சது. சுவர ஒட்டி நின்னு ஒரு கூரு கிட்ட கண்ண வச்சு தெரு நீளத்துக்கும் பாருங்க, வெயில் சாய்வா விழற காலைலயோ சாயங்காலமோ ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் நிழல்னு பிரிஞ்சு நிக்கும், மத்தியானம் போனா இந்த அழகு பாதி தான் கிடைக்கும். டூர் நேரம் தேர்ந்தெடுக்கறப்ப காலை ஒம்பதரை, பத்து இல்லன்னா சாயங்காலம் நாலுக்கு மேலன்னு எடுக்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் எதிர் மூலை மாளிகையோட மார்பிள் வாசலையும் பார்த்துடுங்க, எல்லாரும் வைரச் சுவரப் பார்த்துட்டு அத விட்டுடறாங்க.

கொஞ்சம் கிழக்கால அரியோஸ்தேயா சதுக்கம், உயரத் தூண் மேல கவிஞர் அரியோஸ்தோ நிக்கறாரு, மே மாசக் கடைசி ஞாயிறு இங்க பாலியோ ஓட்டப் பந்தயம், பசங்க, பொண்ணுங்க, கழுதை, குதிரைன்னு நாலு ஓட்டம். அன்னிக்கு ஊருக்குள்ள சைக்கிள் டூர் நினைச்சே பார்க்காதீங்க, பந்தயம் பார்க்க வாங்க.

கடைசியா மதில். மொத்தம் கிட்டத்தட்ட 9 கி.மீ., செங்கல் சுவரு, உள்பக்கம் மண் மேடு, மேல மரங்களுக்கு நடுவுல மண் பாதை. டூர்ல முழுசா சுத்த மாட்டாங்க, வடக்குப் பகுதிய மட்டும் போர்த்தா தெல்யி ஆஞ்ஜெலி வாசல் பக்கம் ஏறி கிழக்கால ஓட்டுவாங்க, அது தான் அழகான பகுதியும். மேல இருந்து உள்பக்கம் பாருங்க, மதிலுக்குள்ளயே வயலும் தோட்டமும் புல்வெளியும் இருக்கும், 1492 பிளான்ல வீடு வர வேண்டிய இடங்கள் முழுசா நிரம்பவே இல்ல, அந்தக் காலி இடம் இன்னிக்கும் பச்சையாவே நிக்குது. காலைல ஓடறவங்க, நாய் கூட்டிட்டு வர்றவங்க எல்லாம் இதே பாதைல தான், பெல் அடிச்சுட்டு வலது பக்கமா போங்க.

சீசன் பத்திச் சொல்லணும்னா ஏப்ரல்ல இருந்து ஜூன் நடு வரைக்கும், அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட்ல வெக்கையும் புழுக்கமும் நம்ம ஊர் அளவுக்கே இருக்கும், கூட கொசு, அதனால கொசு மருந்து தடவிக்கிட்டு வரணும். ஆகஸ்ட் கடைசில தெருப் பாடகர் திருவிழா நடக்கும், கூட்டத்துல சைக்கிள் ஓட்ட முடியாது. நவம்பர்ல இருந்து பனிமூட்டம், பத்தடி தள்ளி தெரியாத நாளும் உண்டு, அது பிடிச்சவங்களுக்கு அதுவும் ஒரு அழகு, கையுறை மட்டும் கட்டாயம். திங்கக்கிழமை மியூசியம் நிறைய மூடியிருக்கும், சிலது வேற கிழமைல மூடும், முன்னாடியே பார்த்துக்குங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல சின்னக் கடைங்களும் சர்ச்சுகளும் அடைச்சிடும்.

சாப்பாட்டுல சைவம் சாப்பிடறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. கோப்பியான்னு நாலு கொம்பு முறுக்கி விட்ட ரொட்டி, ஊரோட அடையாளம், எந்த மேஜைலயும் கொண்டு வந்து வச்சிடுவாங்க, பார்க்க சாதா ரொட்டி தான், ஆனா அதுல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க. யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்ல. நீங்க கேக்க வேண்டியது கப்பெல்லாச்சி தி ஸூக்கா, பூசணிக்காய அரைச்சு சீஸும் ஜாதிக்காயும் சேர்த்து உள்ள வச்ச பாஸ்தா, லேசா இனிக்கும். இறைச்சி சாஸோட ஒரு வகை, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டு ஒரு வகை, "புர்ரோ ஏ சால்வியா"ன்னு சொன்னா ரெண்டாவது வரும். உள்ள இருக்கற பர்மெசான் சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட் இருக்கும், கண்டிப்பான சைவம்னா அதையும் தவிர்க்கணும். அசைவம் சாப்பிடறவங்க சலாமா தா சூகோ கேளுங்க, பன்றி இறைச்சில ஒயினும் மசாலாவும் சேர்த்து பதப்படுத்தி மணிக்கணக்கா வேக வச்சு மசிச்ச உருளைக்கிழங்கோட தருவாங்க, காரசாரமா இருக்கும். எங்க சாப்பிடலாம்னு கைட் கிட்டயே கேளுங்க, "டூரிஸ்ட எங்க அனுப்புவீங்க"ன்னு கேக்காம "நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டு ஆளுங்களோட எங்க போவீங்க"ன்னு கேளுங்க, வேற பதில் வரும்.

டூர் முடிஞ்சதும் சைக்கிள உடனே திருப்பிக் குடுக்காம, சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கலாமான்னு காலைலயே பேசி வச்சுக்குங்க, நிறைய இடத்துல கொஞ்சம் கூடக் குடுத்தா விடுவாங்க. கைட் காட்டினதுல மனசுல நின்ன ரெண்டு இடத்துக்கு மட்டும் தனியா திரும்பிப் போங்க. நேரமும் தெம்பும் இருந்தா வடக்கு மதிலுக்கு வெளில இருக்கற பெரிய பார்க் வழியா போ நதிக்கரை வரைக்கும் போகலாம், ஆறேழு கி.மீ. இருக்கும், கரை மேட்டு மேல கடல் பக்கம் வரைக்கும் சைக்கிள் பாதை போகுது, மொத்த நீளம் 120 கி.மீ.க்கு மேல, அதுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஊர விட்டு விலகிப் போன அந்த நதிய பார்த்துட்டுத் திரும்பலாம். நிறுத்தற இடத்துல எல்லாம் சக்கரத்தோட ஃப்ரேமையும் சேர்த்து, அசையாத கம்பியில பூட்டுங்க, ஒரு நிமிஷம் காபி குடிக்கப் போனாலும் பூட்டணும், சைக்கிள் ஊர்ல சைக்கிள் திருட்டும் உண்டு. இருட்டினதுக்கு அப்புறம் ஊர் எல்லைக்கு வெளில ஓட்டினா ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் சட்டப்படி போடணும், லைட்டும் எரியணும், ரெண்டும் கையில இல்லன்னா சூரியன் சாயறதுக்குள்ள மதிலுக்கு உள்ள வந்துடுங்க. கடை அடைக்கற நேரத்துக்கு அரை மணி முன்னாடி சைக்கிள விட்டுட்டு டெபாசிட்டையும் ஐடி கார்டையும் மறக்காம வாங்கிக்கிட்டா, ஸ்டேஷனுக்கு நிதானமா நடந்தே போயிடலாம், பொலோன்யாவுக்கு ராத்திரி வரைக்கும் ரயில் இருக்கு.